பெயர் சொன்னால் எழுவான்

அவனுக்கு இரண்டு பெயர்கள். இரண்டுமே எனக்குத் தெரியும். எதை எழுதினாலும் இன்னொன்றுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கும். அதனால் 'அவன்' என்றே போட்டுக்கொண்டு போகிறேன். படிப்பவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

என்னோடு நாடகம் படித்தவன். 2004-இல் கடற்கரைச் சாலையோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருஷப் படிப்புக்குச் சேர்ந்தோம். ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் சேர்த்து ஒரே கட்டடம். கீழே அவர்கள் களிமண்ணைக் குழைத்துக்கொண்டிருப்பார்கள், மேலே நாங்கள் கத்திக்கொண்டிருப்போம். எங்கள் வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேருக்கு வாய் காது வரை. பதினோராவது ஆள் அவன்.

முதல் வாரம் நடிப்பு வகுப்பில், வாசலிலிருந்து யாராவது ஒரு பாத்திரமாக உள்ளே வாருங்கள் என்றார் ஆசிரியர். ஒருத்தி மாமியாராக வந்தாள். ஒருத்தன் பஸ் கண்டக்டராக வந்து எல்லாரிடமும் டிக்கெட் கேட்டான். நான் எங்கள் ஊர்த் தலையாரியாக வந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டினேன். திட்டுவது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் வந்தான், கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்தான். அவ்வளவுதான். யாருப்பா நீ என்று ஆசிரியர் கேட்டார். பதில் இல்லை. செத்துப்போனவனா என்றார். அதற்கும் பதில் இல்லை. செத்தவன் எப்படிப் பதில் சொல்வான் என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. மணி அடித்து, நாங்கள் சாப்பிடப் போய், சாம்பாரில் முருங்கைக்காய் இல்லை என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அப்படியே கிடந்தான். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் துறையில் பிணம் என்றால் அவன்தான். சீனியர்கள் பிணமே தேவையில்லாத நாடகத்தில்கூட அவனுக்காக ஒரு பிணத்தைச் சேர்த்தார்கள். வசனம் கொடுத்தால் வாங்கமாட்டான். ராஜா வேஷம் தருகிறோம் என்று ஆசை காட்டினாலும், "நான் சும்மா வந்தவன், எனக்கு இது போதும்" என்பான். எதற்கும் அதுதான் அவன் பதில். எந்த ஊர், எதற்கு இந்தப் படிப்பு, வீட்டில் யார் யார் என்று எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் சும்மா வந்தவன் என்று முடித்துவிடுவான். வானூர்ப் பக்கம், அப்பா மணிலாக்கொட்டை பயிர் வைக்கிறவர், அம்மா தவறிவிட்டார் என்பது வரைக்கும்தான் எனக்குக் கிடைத்தது. அதைப் பிடுங்குவதற்கே ஆறு மாதம் ஆனது.

ஓவியக்காரர்கள் அவனை அடிக்கடி இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். உதட்டில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத மாடல் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஒருநாள் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். எட்டுத் தாளிலும் எட்டு முகம். அவன் எழுந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு பெண்ணின் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். அவள் பாவம் கத்துக்குட்டி, வயதைத் தப்பாக வரைந்து ஏதோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆக்கிவைத்திருந்தாள். அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நன்றாக வரைந்தவர்களுக்குக் கோபம்.

வருகைப் பதிவு எடுக்கும்போது இன்னொரு தொல்லை. அவன் பெயரை இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எங்கள் முகங்களைப் பார்ப்பான், வேறு யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. பிறகுதான் கையைத் தூக்குவான். காது மந்தம் என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்று நான் சொன்னேன். பக்கத்தில் உட்காரும் நாளெல்லாம் தொடையில் நறுக்கென்று கிள்ளுவேன், உடனே "பிரசென்ட் சார்" வரும். அப்படியே பழகிவிட்டது.

பிறந்தநாளுக்கு நாங்கள் செய்தது இன்னும் கூத்து. ஆபீஸ் பதிவேட்டில் தேதியைப் பார்த்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கேக் வாங்கி வந்தோம். கத்தியைக் கையில் கொடுத்தால் வாங்கவில்லை. "இது எனக்கில்ல" என்றான். யாருக்குடா என்றால் சிரித்தான். கடைசியில் நான் வெட்டினேன். வெட்டியதை மட்டும் ரசித்துச் சாப்பிட்டான். இரண்டாவது துண்டும் கேட்டான். "அவனுக்கு இனிப்புன்னா பிடிக்கும்" என்றான். தன்னையே அவன் என்று சொல்லிக்கொள்கிறான், பெரிய ஞானி என்று கேலி செய்தோம். எனக்கு அன்றைக்கு அவனைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு வாரம் பேசவில்லை. அதை அவன் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

என் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நான் அங்கே சும்மா வந்தவள் இல்லை. மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவர் என் அப்பா. திண்டிவனத்தில் டிகிரி முடித்ததும் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து, அழுது, அத்தையைத் தூது விட்டுத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். வந்த பிறகும் நிம்மதி இல்லை. பொண்ணு என்ன படிக்கிறாள் என்று ஊரில் கேட்டால் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாடகம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எம்.ஏ. என்று பொதுவாகச் சொல்லி மழுப்புவார். இரண்டாம் வருஷப் பொங்கலுக்குப் போனபோது கிளியனூரிலிருந்து ஒரு வரன் தயாராக இருந்தது. அப்பா கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நீ இன்னா படிக்கறன்னு நான் ஒரு தடவை கண்ணால பாக்கணும் பாப்பா. இங்க அளத்துல வந்து செஞ்சு காட்டு. படிப்புன்னா படி. கூத்துன்னா அன்னைக்கே மூட்டைய கட்டிடு."

மூன்றாவது செமஸ்டர் தேர்வு தள்ளிப்போய் மாசியில் வைத்திருந்தார்கள். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு நாடகம் இயக்கிக் காட்ட வேண்டும். நான் உப்பளத்திலேயே காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மாசியில் மழை இல்லை, பாத்திகளில் உப்பு பூத்துக்கிடக்கும், பார்க்க அழகாக இருக்கும் என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. என் இரண்டு பரீட்சையும் ஒரே நாளில், ஒரே இடத்தில். மார்க் போட வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

நாடகம் நானே எழுதியது. உப்பு வாரும் கூலிக்காரர் ஒருவர் வெயிலில் விழுந்து செத்துவிடுகிறார். பிணத்தை யார் எடுப்பது என்று நாலு பேர் நாற்பது நிமிஷம் பேசுகிறார்கள். முதலாளியின் ஆள், சங்கத்து ஆள், பெண்டாட்டி, பஞ்சாயத்துக்காரர். கடைசி வரை யாரும் எடுப்பதில்லை. பிணத்துக்கு யாரைப் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. நாற்பது நிமிஷம் நாலு மணி வெயிலில் உப்பின் மேல் கிடக்க வேறு யாருக்குப் பைத்தியம்?

ஒத்திகைகளில் அவனோடு எனக்குச் சண்டையே வரவில்லை. வரவில்லை என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாரையும் வறுத்தெடுத்தேன். அவனை மட்டும் என்ன சொல்லித் திட்டுவது? இன்னும் நல்லா சாவுடா என்றா? முடிந்ததும் நான் கை தட்டுவேன், உடனே எல்லாரும் எழுந்து கும்பிடு போட வேண்டும், நீயும்தான் என்று மட்டும் சொல்லிவைத்தேன். சரி என்றான்.

நாடகத்தன்று வேலை முடிந்து குளித்துவிட்டு, உப்பு சுமக்கும் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் வந்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி என் அத்தை. அப்பாவின் அக்கா. அத்தை பேசினால் மேஸ்திரியே அடங்குவார். தேர்வாளருக்கும் ஆசிரியர்களுக்கும் நாற்காலி போட்டிருந்தோம். அப்பா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஆரம்பித்துப் பத்து நிமிஷத்திலேயே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. வசனத்துக்குச் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேசுகிற நாலு பேரை யாரும் பார்க்கவே இல்லை. ஐம்பது பேர் கண்ணும் கீழே கிடந்தவன் மேல்தான். நாங்கள் படிக்கச் சேர்ந்த வருஷ மார்கழியில்தான் கடல் ஏறி வந்து பக்கத்து மீனவக் குப்பங்களில் எத்தனையோ பேரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. எக்கியார்குப்பத்தில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் எனக்கு அது தோன்றவில்லை. என் பரீட்சை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முடிந்தது. கை தட்டினேன். அவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். அதற்குள் அத்தை வரப்பிலிருந்து இறங்கி வந்து அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் படுக்கவைத்துவிட்டாள்.

"இருடா. எழுப்பாம எழுந்துக்கக் கூடாது."

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் திரௌபதை அம்மனுக்குப் பாரதம் வைக்கும்போது கடைசி நாள் படுகளம் நடக்கும். சண்டையில் செத்தவர்களாக ஆண்கள் தரையில் படுப்பார்கள். படுத்தவர்கள் தாமாக எழ மாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலையால் தடவி, பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழ வேண்டும். எழுப்பாமல் எழுந்தவன் பாதி அங்கேயே தங்கிவிடுவான் என்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் அது கோயில், இது தேர்வு, இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்கு அது வேறு இது வேறு என்று இல்லை. செத்தவனாகப் படுத்தான், எழுப்பித்தான் ஆக வேண்டும்.

ஒருத்தி அளத்தோரத்து அம்மன் கல்லுக்கு ஓடி மஞ்சள் எடுத்து வந்து குடிதண்ணீர்க் குடத்தில் கரைத்தாள். இன்னொருத்தி ரோட்டோரத்தில் வேப்பிலை ஒடித்து வந்தாள். என் நடிகர்கள் நாலு பேரும் கும்பிட்ட கையோடு திருதிருவென்று நின்றார்கள். தேர்வாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மும்முரமாக ஏதோ எழுதினார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கிளியனூர் மாப்பிள்ளையின் மீசைதான் மனசில் வந்தது.

"பேரு இன்னாம்மா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். சொன்னேன். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயரை.

கூப்பிட்டார்கள். அத்தை முதலில், பிறகு எல்லாருமாக. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முகத்தில் மஞ்சள் தண்ணீர். அவன் அசையவில்லை. மறுபடியும் மூன்று தடவை. அசையவில்லை. யாரோ ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். பிறகு இன்னொருத்தி. கடலில் போன தன் அக்கா மகன் பெயரைச் சொல்லி ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். பயலுக்கு நிஜமாகவே வெயிலில் ஏதாவது ஆகிவிட்டதா? இல்லை, வயிற்றுக்குள் மூச்சு மெல்ல ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நடிக்கிறான், என் பரீட்சையில் தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்பா இரண்டடி முன்னால் வந்துவிட்டார்.

நான் மண்டியிட்டுக் குனிந்து அவன் காதில் சொன்னேன்.

"எழுந்திருடா பாவி. என் பொழப்புல மண்ண போடாத."

கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசையச் சொன்னான்.

"அந்தப் பேர்ல கூப்ட்டா நான் எப்படி எழுந்துக்கறது? அது எங்கண்ணன். அஞ்சு வயசுல செத்துட்டான்."

"உளறாத. அப்ப உன் பேரு இன்னா?"

சொன்னான். ஒரு சின்னப் பெயர். குலசாமிப் பெயராக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. தலையைத் தூக்கி அந்தப் பெயரை அத்தையிடம் சொன்னேன். அத்தை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. குடத்தில் கையை விட்டு அள்ளி, அவன் நெற்றியில் ஊற்றி, அந்தப் பெயரைச் சொல்லி, "எழுந்து வாப்பா, வீட்டுக்கு நேரமாச்சு" என்றாள். ஐம்பது பெண்களும் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

முதல் தடவையிலேயே எழுந்துவிட்டான். எழுந்து உட்கார்ந்தவன் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். பிணம் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி மடியில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தாள்.

தேர்வாளர் என்னிடம் வந்து, பார்வையாளர்களை இப்படி நாடகத்துக்குள் கொண்டுவரும் யோசனை எப்படி வந்தது, எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேட்டார். இருபது வருஷமாக மார்க் போடுகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சார், இதில் எதுவும் நான் செய்ததில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.

அப்பா எங்கள் கூடவே நடந்து வந்தார். பஸ் ஏறும் இடத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"இது கூத்தும் இல்ல, படிப்பாவும் தெரியல. இன்னா எழவோ எனக்குப் புரியல. போ, போய் முடி."

அவருக்குப் புரியாததுதான் என்னைக் காப்பாற்றியது. கிளியனூருக்கு அடுத்த வாரமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதோரம் மஞ்சள் காயாமல் இருந்தது. இந்தத் தடவை சும்மா வந்தவன் என்று சொல்லவில்லை. அண்ணன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த வருஷம் இவனைச் சேர்க்கக் கூட்டிப் போனார்கள். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிதாக எழுதவா என்று வாத்தியார் கேட்டார். அடிக்க வேண்டாம், அந்தப் பெயரிலேயே இவன் படிக்கட்டும் என்று இவனுடைய அப்பா சொல்லிவிட்டார். பையன் பெயரில் கோடு போடுவதை அவரால் பார்க்க முடியவில்லை. எங்கள் பக்கம் இப்படி நடக்காமல் இல்லை. என் தூரத்து மாமா ஒருவரே தங்கையின் பிறந்த தேதியைத் தன்னுடையதாகக் காட்டித்தான் வேலைக்குப் போனார். அதனால் அதிசயமாகக் கேட்கவில்லை. அப்புறம் இன்னா என்றேன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. வெளிய அவன் பேரு, வீட்ல என் பேரு. எங்கம்மா மட்டும் என் பேர் சொல்லிக் கூப்புடும். அது போனப்புறம் யாரும் கூப்புடல. அப்பா டேய்னுதான் கூப்புடுவாரு."

எனக்கு அழுகை வந்தது. கிள்ளிக் கிள்ளிப் பிரசென்ட் சொல்லவைத்த விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தோடு போயிருந்தால் நல்ல கதையாக முடிந்திருக்கும். போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வருகைப் பதிவுக்கு அவன் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். கிள்ள எனக்கும் கை வரவில்லை. ஒருநாள் ஆபீசுக்குப் போய்த் தன் பெயரைப் பதிவேட்டில் போட வேண்டும் என்று கேட்டான். கூட நானும் போனேன். அங்கிருந்த அம்மா தங்கமானவர். உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை தம்பி, கெஜட்டில் பெயர் மாற்றினால் போதும், நான் எழுதித் தருகிறேன் என்று படிவம் எடுத்துக் கொடுத்தார். இதுவரை இன்ன பெயரில் இருந்த நான் இனிமேல் இன்ன பெயரில் அழைக்கப்படுவேன் என்று ஒரு வரி. கீழே கையெழுத்து. அவன் அந்த ஒரு வரியைக் கால் மணி நேரம் படித்தான். படிவத்தை அழகாக மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான்.

படிக்கட்டில் வைத்துச் சண்டை போட்டேன். ஒரு கையெழுத்து, ஊரில் ஆயிரம் பேர் போடுகிறான், ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டுப் பெயர் மாற்றுகிறவன் எத்தனை பேர், உனக்கு என்ன நோவு என்று கத்தினேன். அவன் எனக்குப் புரியவைக்க முயன்றான். அதுதான் இன்னும் கொடுமை.

"அவங்க மாத்தறது அவங்க பேரு. நான் மாத்துனா, அவன் படிச்ச பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி எல்லாம் எனக்கு வந்துடும். எங்கண்ணனுக்கு இருக்கறதே அதுதான். அதையும் புடுங்கிக்கச் சொல்றியா?"

"படிச்சது நீதான்டா முட்டாள்."

"நான் சும்மா கூட வந்தேன். இத்தினி நாள் அவன் எடத்துல படுத்துக் கெடந்தேன். உங்கத்தை எழுப்பி வுட்டுடுச்சி. மறுபடி போய்ப் படுக்க முடியல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சில நாள் அவன் சொன்னது மகா சத்தியம் போல இருக்கும். சில நாள், கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது விட்டுவிட்டுப் போகிறவன் கிறுக்கன், அவனுக்கு இரண்டு அறை விடாதது என் தப்பு என்று இருக்கும். அந்தப் பெயரை அத்தையிடம் சொல்லாமல் எப்படியாவது அவனை எழுப்பியிருந்தால் ஒழுங்காக முடித்திருப்பான். என் படிப்பு நிலைக்க அவன் பெயரைச் சொன்னேன். என்னுடையது நிலைத்தது.

சித்திரையில் பெட்டியைக் கட்டினான். பெட்டி என்ன பெட்டி, ஒரு பை. அந்தக் கத்துக்குட்டிப் பெண் வரைந்த படம் மட்டும் சுருட்டித் தனியாக. டிகிரி இல்லாமல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "டிகிரியா? எனக்கு ஒண்ணாங்கிளாஸ் சர்டிபிகேட்கூட கெடையாது. இனிமேதான் பாக்கணும்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பின்னால் ஒருத்தி, அவன் தன் பெயரில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதினான், வானூரில் பார்த்தேன் என்றாள். இன்னொருத்தன், சவுக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான் என்றான். எதை நம்புவது? இரண்டுமே அவன் செய்யக்கூடியதுதான். தேடிப் போக எனக்கு முகம் இல்லை.

மே மாதம் எழுத்துத் தேர்வு. கூடத்தில் பெஞ்சுகளில் எண் ஒட்டியிருந்தார்கள். என் எண்ணுக்கு அடுத்தது அவனுடையது. மணி அடித்தும் அந்த இடம் காலி. மேற்பார்வைக்கு வேறு துறையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டியலில் விரல் வைத்து அந்தப் பெயரைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவர் என்னைப் பார்த்து, பக்கத்து இடம் யாரம்மா, வரவில்லையா என்று கேட்டார்.

வரமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். நின்றுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன்.

"செத்துட்டார் சார்."

அவர் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். எப்போதம்மா என்றார்.

"ஒண்ணாங்கிளாஸ் சேந்த வருஷமே சார். காய்ச்சல்ல."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே கோடு போட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உட்காரம்மா, நேரம் போகிறது என்று என் வினாத்தாளைக் கொடுத்தார். உட்கார்ந்து எழுதினேன்.